கேட்டலான் எண்கள் வரை பகா எண்களை எண்ணும்போது விடை பிசகினால் எங்கே பார்ப்பது

ஒவ்வொரு கேட்டலான் எண்ணாக எடுத்து, அதுவரை எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். கணக்கு இவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். லூப் பழகி முடிந்ததும் முதல் பெரிய பயிற்சி இதுதான். பத்து வரி நிரலில் தொடங்கிவிடலாம். ஆனால் தப்பு எத்தனை வழியில் நுழையுமோ அத்தனை வழியும் இதில் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் கேள்வி வரும்: "ஆன்ட்டி, எனக்கு 225 வருது, அவனுக்கு 226 வருது, யாருது சரி?"

நிரலை அனுப்பாதே, விடைகளை வரிசையாக அனுப்பு என்பேன். எந்த இடத்தில், எவ்வளவு பிசகியது என்று பார்த்தாலே பாதி நேரம் காரணம் தெரிந்துவிடும். நிரலை வரிவரியாக முறைத்துக்கொண்டிருப்பதைவிட இது வேகமான வழி. அந்த அடையாளங்களைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கேட்டலான் எண் தெரியாதவர்களுக்கு: வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, கைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல் இரண்டிரண்டு பேராகக் கைகுலுக்க 5 வழிகள் உண்டு. எட்டுப் பேருக்கு 14, பத்துப் பேருக்கு 42. அடைப்புக்குறிகளைச் சரியாகத் திறந்து மூடும் வழிகளை எண்ணினாலும், பலகோணத்தை முக்கோணங்களாக வெட்டும் வழிகளை எண்ணினாலும் இதே எண்கள்தான் வரும். க(5) என்றால் ஐந்தாம் கேட்டலான் எண், அதாவது 42. ப(42) என்றால் 42 வரை, 42-ஐயும் சேர்த்து, உள்ள பகா எண்களின் எண்ணிக்கை, அதாவது 13. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக:

க(ந+1) = க(ந) × (4ந + 2) ÷ (ந + 2)

சரியான விடைகள், ந = 0 முதல் 9 வரை:

க: 1, 1, 2, 5, 14, 42, 132, 429, 1430, 4862
ப: 0, 0, 1, 3, 6, 13, 32, 82, 226, 651

இதற்கு மேலே சரிபார்க்கப் பத்தின் அடுக்குகள் போதும். 10 லட்சம் வரை 78498, ஒரு கோடி வரை 664579, 10 கோடி வரை 5761455, 100 கோடி வரை 50847534, 1000 கோடி வரை 455052511. பெரிய எண்களில் வேண்டுமென்றேதான் காற்புள்ளி போடவில்லை. காரணம் பின்னால் வருகிறது, அது நம் ஊர்த் தொல்லை.

உங்கள் விடையிலிருந்து சரியான விடையைக் கழித்து ஒரு வரிசை எழுதிக்கொள்ளுங்கள். இனி அந்த வித்தியாச வரிசையை மட்டும் பார்ப்போம்.

எண்கள் சரி, இடம்தான் ஒன்று தள்ளியிருக்கிறது

0, 1, 3, 6, 13 என்று தொடங்கினால் இரண்டு 1-களில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கேட்டலான் வரிசை ந = 0-இல் தொடங்குகிறது, க(0), க(1) இரண்டுமே 1. இதை நிரலின் பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. க(5) 42-தானா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எல்லா இடத்திலும் 1 கூடுதல், அல்லது எல்லா இடத்திலும் 2 கூடுதல்

சல்லடை என்பது எண்களைப் பட்டியலிட்டு, 2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துவிட்டு, மிஞ்சுவதை எண்ணும் முறை. அந்தச் சல்லடைப் பட்டியலை முழுக்க 'ஆம்' என்று நிரப்பித் தொடங்கியிருப்பீர்கள். 1-ஐ அழிக்க மறந்தால் வித்தியாசம் 1. பட்டியலில் 0-ஆம் இடமும் இருப்பதால் அதையும் மறந்தால் 2. க(0)-க்கு விடை 0 வர வேண்டிய இடத்தில் 1 அல்லது 2 வருவதைப் பார்த்தாலே போதும்.

2-இலும் 5-இலும் மட்டும் 1 குறைவு, மற்றதெல்லாம் சரி

"அதுவரை" என்பதில் அந்த எண்ணையே சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். பைத்தானின் 'ரேஞ்ச்' கடைசி எண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் எல்லோரும் அதில் ஒரு தடவை விழுவார்கள்.

ஆனால் ஏன் இரண்டு இடத்தில் மட்டும் தெரிகிறது? கேட்டலான் எண்களில் பகா எண்கள் 2, 5 என்ற இரண்டுதான். காரணம் மேலே உள்ள சூத்திரத்திலேயே இருக்கிறது. ந மூன்றைத் தாண்டினால் க(ந) எப்போதும் ந+2-ஐவிடப் பெரியது. அப்படிப்பட்ட க(ந) ஒரு பகா எண் என்று வைத்துக்கொள்வோம். (ந+2) × க(ந+1) = (4ந+2) × க(ந). வலப்பக்கம் க(ந)-ஆல் வகுபடுவதால் இடப்பக்கமும் வகுபட வேண்டும். தன்னைவிடச் சிறிய ந+2-ஐ அது வகுக்காது, ஆகவே க(ந+1)-ஐ வகுத்தாக வேண்டும். அப்படியென்றால் 4ந+2 என்பது ந+2-இன் முழு மடங்கு. அந்த மடங்கு 1, 2, 3 மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதற்கு ந முறையே 0, 1, 4. மூன்றைத் தாண்டியது 4 மட்டும், க(4) = 14, அது பகா எண் இல்லை. முடிந்தது.

ஆகவே இந்தப் பிழையோடு க(25) வரை ஓட்டினாலும் பெரிய எண்கள் எல்லாம் சரியாகவே வரும். சின்ன எண்களைச் சரிபார்க்காதவர் கண்ணில் இது படவே படாது.

14, 42, 132, 1430, 4862-இல் 1 குறைவு. 429-இல் மட்டும் சரி

எனக்கு ரொம்பப் பிடித்த அடையாளம் இது. 225 வந்த பிள்ளையின் கதையும் இதுதான்.

நினைவகத்தை மிச்சம் பிடிக்க ஒற்றைப்படை எண்களை மட்டும் சல்லடையில் வைத்திருப்பீர்கள். இடம் 0-இல் 1, இடம் 1-இல் 3, இடம் 2-இல் 5 என்று போகும். பட்டியலின் நீளத்தை (எல்லை − 1) ÷ 2 என்று எழுதி மீதியைத் தள்ளிவிட்டால், எல்லை 14 ஆகும்போது நீளம் 6. கடைசி இடம் 5, அதில் இருப்பது 11. 13 பட்டியலிலேயே இல்லை.

இது இவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம் கேட்டலான் எண்களின் ஒரு தற்செயல். 14-க்கு ஒன்று முன்னால் 13, 42-க்கு முன்னால் 41, 132-க்கு முன்னால் 131, 1430-க்கு முன்னால் 1429, 4862-க்கு முன்னால் 4861. எல்லாமே பகா எண்கள், எல்லாமே விடுபட்ட அந்தக் கடைசி இடத்தில் உட்கார வேண்டியவை. 429 ஒற்றைப்படை. அங்கே விடுபடுவது 429-தான்; அது 3 × 143 என்பதால் போனாலும் நஷ்டமில்லை. 5-இலும் 1 குறையும், ஏனென்றால் அங்கே விடுபடுவது 5.

அப்புறம் பாருங்கள்: 16796-க்கு முன்னால் 16795, 58786-க்கு முன்னால் 58785, இரண்டும் 5-ஆல் வகுபடும். 208011, 742899 இரண்டும் 3-ஆல் வகுபடும். க(10) முதல் க(13) வரை பிழை அப்படியே இருக்கும், விடையோ சரியாக வரும். பெரிய எண்களை மட்டும் நண்பனோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

நீளத்தை (எல்லை + 1) ÷ 2 என்று மாற்றி மீதியைத் தள்ளுங்கள். ஒற்றை, இரட்டை இரண்டுக்கும் சரியாக வரும். எண்ணிக்கையைத் தொடங்கும்போது இடம் 0-இல் இருக்கும் 1-ஐ நீக்கி, 2-க்காக ஒன்று கூட்ட வேண்டும். இரண்டையும் மறந்தாலும் ஒன்றையொன்று ஈடுகட்டி எல்லாம் சரியாகவே தோன்றும், க(0)-இலும் க(1)-இலும் மட்டும் 0-க்குப் பதில் 1 வரும்.

1, 2, 3, 5, 8 என்று கூடிக்கொண்டே போகிறது

5-இல் 1 கூடுதல், 14-இல் 2, 42-இல் 3, 132-இல் 5, 429-இல் 8. ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டு, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி எண்கள் வருகின்றன என்று குதித்தான். அடுத்தது 13 வர வேண்டும், வந்தது 12. அதற்கடுத்தது 19.

இவை எல்லையின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களின் எண்ணிக்கை. √42 ஆறைச் சற்றே தாண்டும். அதுவரை 2, 3, 5, ஆக மூன்று. √1430 என்பது 37.8, அதுவரை பன்னிரண்டு. நிரல் 4, 9, 25, 49, 121 என்று பகா எண்களின் வர்க்கங்களையெல்லாம் பகா எண்ணாக எண்ணுகிறது. வகுத்துப் பார்க்கும் லூப்பில் 'வகுஎண்ணின் வர்க்கம் எண்ணைவிடச் சிறியதாக இருக்கும்வரை' என்று எழுதியிருப்பீர்கள். 'சிறியது அல்லது சமம்' என்று திருத்துங்கள்.

14-இல் 8 வந்தது என்ற ஒரே தகவலை வைத்து முடிவு கட்ட வேண்டாம், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பின்னால் சொல்கிறேன். 5-இல் என்ன வருகிறது என்று பாருங்கள். 4 வந்தால் வர்க்கப் பிழைதான்.

இதே அளவு குறைந்தால், அதாவது 42-இல் 10, 132-இல் 27, 1430-இல் 214 என்று வந்தால், சல்லடை சிறிய பகா எண்களையே அழித்துவிடுகிறது. மடங்குகளை அடிக்கும்போது அந்த எண்ணிலிருந்தே தொடங்கிவிட்டீர்கள், அதன் வர்க்கத்திலிருந்து தொடங்க வேண்டும். துண்டு துண்டாகச் சலிக்கும்போது முதல் துண்டில் இது அடிக்கடி நடக்கும்.

சல்லடை இல்லாமல் எண்ணும்போது: 42-ஐக் கையால் போட்டுப் பாருங்கள்

லெஜாந்தர் முறையில் ஒவ்வொரு எண்ணையும் தொடத் தேவையில்லை. 42-க்கு √42 வரை உள்ள பகா எண்கள் 2, 3, 5. இவற்றில் எதனாலும் வகுபடாதவை எத்தனை என்று கூட்டிக் கழிக்க வேண்டும்:

42 − 21 − 14 − 8 + 7 + 4 + 2 − 1 = 11

அந்தப் பதினொன்றும் 1, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41. இதில் 1-ஐ நீக்கி, 2, 3, 5-ஐச் சேர்த்தால் 13.

14 வந்தால் 1-ஐ நீக்கவில்லை. 10 வந்தால் மூன்றைச் சேர்க்கவில்லை. 11 வந்தால் இரண்டையும் செய்யவில்லை.

இன்னொரு பிழை நைசாக ஏமாற்றும். ஒவ்வொரு வகுத்தலிலும் மீதியைத் தள்ள வேண்டும்: 42 ÷ 5 என்பது 8, 8.4 அல்ல. தள்ளாமல் 42 × 1/2 × 2/3 × 4/5 என்று ஒரேயடியாகப் பெருக்கினால் 11.2 வருகிறது. அட, 11-தானே என்று விட்டுவிடுவோம். 132-இல் இறுதி விடை 31.4, சரியானது 32. 1430-இல் 223.7, சரியானது 226. 4862-இல் 648, சரியானது 651. பள்ளிக்கூட அளவு எண்களில் கொஞ்சம் குறைவாக, நம்பும்படியாகவே வரும். அப்புறம் குறைவு கூடுதலாக மாறி, க(20) பக்கம் போகும்போது ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமாகியிருக்கும். எல்லை எவ்வளவு பெரிதானாலும் இது சரியாகாது. 12 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு அளவை நோக்கித்தான் போகும். மெர்டென்ஸ் தேற்றம் சொல்வது அது.

இந்த முறையைச் சுருக்கி வேகப்படுத்தியவர் மைசல். 10 கோடி வரை கையாலேயே கணக்கிட்டு 1871-இல் சரியான விடை கண்டார். 1885-இல் 100 கோடிக்கு அவர் சொன்னது 50847478, உண்மையைவிட 56 குறைவு. 1959-இல் லேமர் ஐபிஎம் 701 கணினியில் அதைத் திருத்தி, 1000 கோடிக்கும் விடை கண்டார்: 455052512. ஒன்று கூடுதல்! பழைய அட்டவணை எதிலாவது இந்த இரண்டில் ஒன்று கிடைத்து உங்கள் விடை அதோடு ஒத்துப்போகவில்லையென்றால், நிரலைத் தொடாதீர்கள்.

14-இல் 8, ஆனால் 5-இல் சரியாக 3

போட்டி நிரலாளர்கள் லூசி முறை என்று சொல்வதை எழுதியிருப்பீர்கள். எல்லையை 1, 2, 3 என்று வகுத்து வரும் ஈவுகளை மட்டும் பட்டியலில் வைத்து, ஒவ்வொரு பகா எண்ணாக அடித்துக்கொண்டே வரும் முறை. 14-க்கு அந்த ஈவுகள் 14, 7, 4, 3, 2, 1. ஒவ்வொன்றிலும் முதலில் 'ஒன்று குறைத்த எண்'ணை எழுதுகிறோம்: 13, 6, 3, 2, 1, 0.

2-ஐ வைத்து அடிக்கும்போது 14-க்கான கட்டத்திலிருந்து 7-க்கான கட்டத்தின் பழைய மதிப்பைக் கழிக்க வேண்டும்: 13 − 6 = 7. அப்புறம்தான் 7-இன் கட்டம்: 6 − 2 = 4. அப்புறம் 4-இன் கட்டம்: 3 − 1 = 2. அடுத்து 3-ஐ வைத்து, 14-இன் கட்டத்தில் 7 − (2 − 1) = 6. சரி.

சின்னதிலிருந்து பெரியதற்குப் போனால், 14-இன் முறை வரும்போது 7-இன் கட்டம் ஏற்கெனவே 4 ஆகியிருக்கும். 13 − 4 = 9, பிறகு 8. லூப்பின் திசையைத் திருப்பினால் போதும், வேறெதையும் தொட வேண்டாம்.

82 வரை சரி, அதன் பிறகு 0, 2, 6, 16, 46, 131

இதைத் தமிழ்நாட்டு நண்பர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் காற்புள்ளிதான் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் 3,14 என்றுதான் எழுதச் சொல்வார்கள், விண்டோஸில் தென்னாப்பிரிக்கா என்று தேர்ந்தெடுத்தால் எக்செலும் அப்படியே நடக்கும். ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி.

வெளிநாட்டில் தயாரான பட்டியல் ஒன்றிலிருந்து கேட்டலான் எண்களை எடுத்து எக்செலில் ஒட்டுகிறீர்கள். 429 வரை காற்புள்ளி கிடையாது, சிக்கலில்லை. அடுத்தது 1,430. எக்செல் அதை ஒன்று புள்ளி நான்கு மூன்று என்று எடுத்துக்கொள்கிறது. அதுவரை பகா எண்ணே இல்லை: 0. 4,862 என்றால் நான்கு புள்ளி எட்டு ஆறு இரண்டு: 2-ம் 3-ம், ஆக 2. 16,796 என்றால் பதினாறு சொச்சம்: 6. 58 சொச்சத்துக்கு 16, 208-க்கு 46, 742-க்கு 131. அடுத்த 2,674,440-இல் இரண்டு காற்புள்ளி இருப்பதால் எக்செல் அதை எண்ணாகவே ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும், நிரல் அங்கே முட்டி நின்றுவிடும்.

கொடுமை என்னவென்றால், கட்டத்தைப் பார்த்தால் 4,862 என்றே தெரியும். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. 1,430 மட்டும் 1,43 என்றும், 742,900 மட்டும் 742,9 என்றும் சுருங்கியிருக்கும், இந்த இரண்டுதான் தடயம்.

இடைவெளி போட்டு எழுதினாலும் தப்பிக்க முடியாது. எக்செல் ஆயிரத்துக்கு நடுவே போடும் இடைவெளி நாம் தட்டுகிற இடைவெளி அல்ல, வரி உடையாமல் இருப்பதற்கான தனிக்குறி. அதை அப்படியே பைத்தானுக்குக் கொடுத்தால் 'வேல்யூ எரர்' என்று கத்தும். சாதாரண இடைவெளியை நீக்கும் கட்டளை அதைத் தொடாது.

இன்னொன்றும் உண்டு, அது உலகம் முழுக்கப் பொது: எக்செல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. க(28) பதினைந்து இலக்கம், தப்பித்துவிடும். க(29) = 1002242216651368 என்று தட்டினால் கடைசி 8 போய் 0 ஆகிவிடும்.

என் யோசனை, இந்த வேலைக்கு எக்செலே வேண்டாம். சூத்திரத்தை நிரலிலேயே போட்டுக் கேட்டலான் எண்களை அங்கேயே உண்டாக்குங்கள். விடையை வெறும் எழுத்துக் கோப்பில், வரிக்கு ஒன்றாக, எந்தப் பிரிப்பும் இல்லாமல் எழுதுங்கள்.

கேட்டலான் எண்ணே மைனஸில் வருகிறது

சி மொழியில் சாதாரண 32 பிட் முழு எண்ணில் க(19) வரை அடங்கும். ஆனால் சூத்திரத்தில் முதலில் பெருக்கி அப்புறம் வகுக்கிறோம், பெருக்கும்போதே நிரம்பி வழிந்துவிடும். க(16) = 35357670 சரியாக வரும். அதை 66-ஆல் பெருக்கினால் 2333606220, இடமில்லை. க(17)-க்குப் பெரும்பாலும் −108964504 என்று வரும். இந்த எண்ணைத் திரையில் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

64 பிட்டில் இதே கதை க(34)-இல் நடக்கும். க(35) அந்த இடத்தில் தாராளமாக அடங்கும் என்றாலும், வழியிலேயே வழிந்துவிடுகிறது. தொகுபெருக்கத்தை, அதாவது 1 × 2 × 3 … என்று பெருக்கும் வழியை, எடுத்தவர்களுக்கு க(11)-லேயே போய்விடும். 64 பிட்டில் 20 வரையிலான பெருக்கம்தான் கொள்ளும்.

பைத்தானின் சொந்த முழு எண்ணுக்கு எல்லை கிடையாது. 'நம்பை' (NumPy) என்ற கணக்குத் தொகுப்பைப் பயன்படுத்தினால் எல்லை வந்துவிடும். வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் தப்பு, பல்கலைக்கழக லினக்ஸில் அதே நிரல் சரி என்றால், நம்பையின் பதிப்பைப் பாருங்கள். இரண்டாம் பதிப்புக்கு முன்னால் விண்டோஸில் அது தானாக 32 பிட்தான் எடுத்துக்கொள்ளும். அங்கே க(17)-இன் கடைசி இலக்கம் 4-க்குப் பதில் 5 ஆக இருக்கும், ஏனென்றால் நம்பை கீழ்நோக்கி வகுக்கிறது.

க(31) இரட்டைப்படையாக வருகிறது

ந என்பது 0, 1, 3, 7, 15, 31 என்று இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவாக இருந்தால் மட்டுமே கேட்டலான் எண் ஒற்றைப்படை. க(31) = 14544636039226909. உங்களுக்கு 908 என்று முடிந்தால் எங்கோ ஃப்ளோட் (தசமப் புள்ளி எண் வகை) நுழைந்துவிட்டது, அநேகமாகப் பைத்தானில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பதில் ஒற்றைச் சாய்கோடு போட்டிருப்பீர்கள். 9007199254740992-க்கு மேலே ஃப்ளோட்டால் எல்லா முழு எண்ணையும் பிடித்து வைக்க முடியாது, ஒன்றுவிட்டு ஒன்றுதான். க(30) அந்த எல்லைக்குக் கீழே, க(31) மேலே.

வேடிக்கை என்னவென்றால், பகா எண்ணிக்கை இதனால் மாறாது. க(31) பகா எண் இல்லை என்பதால் 908 வரை எண்ணினாலும் 909 வரை எண்ணினாலும் ஒன்றுதான்.

வர்க்கமூலத்திலும் இதே சங்கடம். 9007199515875288 என்ற எண்ணின் வர்க்கமூலம் 94906267-க்கு ஒரு மயிரிழை கீழே, ஆகவே முழுப்பகுதி 94906266. ஃப்ளோட்டில் எடுத்தால் 94906267 என்றே வரும். பைத்தானில் முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே 'ஐ-ஸ்க்வர்ட்' இருக்கிறது, அதையே எப்போதும் போடுங்கள்.

தோராயத்தோடு ஒத்துப்போகவில்லை

எல்லையை அதன் இயல் மடக்கையால் வகுத்தால் 100 கோடிக்கு 48254942 வரும், உண்மையைவிட சுமார் 5 சதவீதம் குறைவு. இது பிழை இல்லை, அந்தத் தோராயம் அவ்வளவுதான். 111111111 என்று வந்தால் பத்தடி மடக்கையைப் போட்டிருக்கிறீர்கள்.

உருப்படியாகச் சரிபார்க்க மடக்கைத் தொகையீடுதான் (1-ஐ இயல் மடக்கையால் வகுத்ததன் தொகையீடு) லாயக்கு. அது 100 கோடியில் 1701 மட்டுமே அதிகம், 1000 கோடியில் 3104. க(20) = 6564120420 இந்த இரண்டுக்கும் நடுவே. அங்கே வித்தியாசம் லட்சக்கணக்கில் இருந்தால் எண்ணிக்கை தப்பு. உங்கள் எண்ணிக்கை தொகையீட்டைத் தாண்டிவிட்டாலும் தப்புதான். வெகுதொலைவில் எங்கோ அது தாண்டும் என்று லிட்டில்வுட் 1914-இல் நிரூபித்தார். ஆனால் 1-க்குப் பின் 19 பூஜ்யம் வரை தாண்டுவதில்லை. க(35) வரை அந்தக் கவலை இல்லை.

மெமரி நிரம்பி லேப்டாப் உறைந்துவிடுகிறது

ஒவ்வொரு படியிலும் கேட்டலான் எண் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. க(15) ஒரு கோடிக்குள், சாதாரணச் சல்லடை போதும். க(20)-க்கு எண்ணுக்கு ஒரு பைட் என்றாலே 6.5 ஜிபி. பைத்தான் லிஸ்ட் என்றால் அதைப்போல எட்டு மடங்கு. ஒற்றைப்படை மட்டும், எண்ணுக்கு ஒரு பிட் என்றால் 410 எம்பி. துண்டு துண்டாகச் சலித்தால் 81019 வரை உள்ள பகா எண்களும் ஒரு சின்னத் துண்டும் போதும்.

க(25)-க்குச் சல்லடையே வேண்டாம். லூசி முறையில் சுமார் 44 லட்சம் கட்டங்களில் முடிந்துவிடும். அதற்கும் மேலே போக ஆசையென்றால், லகாரியாஸ், மில்லர், ஓட்லிஸ்கோ மூவரும் 1985-இல் மைசல் வழியை மேம்படுத்தியதிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். வெறும் விடை போதுமென்றால் பிரைம்கவுண்ட் என்ற இலவச நிரல் இருக்கிறது.

கரண்ட் போய் வந்தபின் எண்ணிக்கை கொஞ்சம் கூடுதல்

லோட் ஷெடிங் 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் ராத்திரி முழுக்க ஓட விட்ட நிரல் காலையில் செத்துக் கிடப்பது இன்னும் நடக்கிறது. அதற்காகப் பிள்ளைகள் ஒவ்வொரு துண்டு முடிந்ததும் கோப்பில் எழுதிவைக்கிறார்கள், நல்ல பழக்கம். பிசகுவது இங்கேதான்: எண்ணிக்கையை ஒரு கோப்பிலும், எந்தத் துண்டு முடிந்தது என்பதை இன்னொரு கோப்பிலும் எழுதுவது. முதல் கோப்பு எழுதி முடித்து, இரண்டாவதைத் தொடுமுன் கரண்ட் போனால், திரும்ப ஓட்டும்போது அதே துண்டு இரண்டு தடவை எண்ணப்படும். எழுதும் வரிசை மாறியிருந்தால் ஒரு துண்டு காணாமல் போகும்.

துண்டு எண்ணையும் எண்ணிக்கையையும் ஒரே வரியில் எழுதுங்கள். நேராகப் பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, அதைப் பழைய பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் நின்றால் பழையது முழுசாக இருக்கும், இல்லையென்றால் புதியது முழுசாக இருக்கும், பாதி எழுதியது என்று ஒன்று இருக்காது.

சரியாகச் செய்தோமா என்று பார்க்கக் கரண்ட் போகும்வரை காத்திருக்க வேண்டாம். 10 கோடி வரை ஓடவிட்டு, நடுவில் நிரலை நீங்களே கொல்லுங்கள், மறுபடி ஓட்டுங்கள், இன்னொரு தடவை கொல்லுங்கள். எத்தனை தடவை கொன்றாலும் கடைசியில் 5761455 வர வேண்டும்.